பங்குக் கிணற்றில் ஒரு பொத்தான்

என்னுடைய மடைத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டறிந்து, மனிசன் மறைத்துவிட்டார் என்று சொல்லக்கூடாது.

ஐம்பத்து மூன்றாவது வயதில் நான் ஓர் இணையப் பக்கம் செய்தேன். அதில் என் பெயரும், எங்கள் வீட்டுப் பூனை நித்திரை கொள்ளும் படமும் இருந்தன. அதன் முகவரியைக் கனடாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். திறக்கவில்லை என்றாள். உங்கடை நாட்டு இன்ரநெற் சரியில்லை, அதுதான், என்றேன். மூன்று நாள் அதையே சொன்னேன். நாலாம் நாள் அவளுடைய மனிசன் புது ரவுட்டர் வாங்கிப் பூட்டினார். அப்போதும் பூனை வரவில்லை. நான் அனுப்பியது ‘இந்தக் கணினி’ என்று பொருள்படும் முகவரி. அதை எந்தக் கணினியில் அடித்தாலும் அந்தக் கணினி தனக்குள்ளேயே தேடும். என் பூனையைத் தன் வீட்டுக் கணினிக்குள்ளே தேடும்படி நான் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். மச்சான் இப்போதும் என்னோடு அளவாகத்தான் கதைப்பார்.

எங்கள் மின்னணுப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எந்த வயரை எங்கே பூட்டுவது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். தெரியாவிட்டால் போனில் படம் ஓடும். எனக்கு முழங்கால் நோகிறது, கண் மங்குகிறது, பெட்டிகளைக் கண்டாலே கொட்டாவி வருகிறது. ஆகவே ஒரேயொரு காரியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்குப் பிறகும் பத்து வருடம் இந்த வேலையைச் செய்தேன். ஆனால் இந்த வேலையை நான் உண்மையில் படித்தது அந்த ஒரு கிழமையில், ஏழே நாளில்தான்.

அதற்கு முன் இருபத்தைந்து வருடம் வீட்டு வயரிங்கும் மோட்டர் திருத்துவதுமாக இருந்தவன் நான். உயிருள்ள வயரைப் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை கதைப்பேன். அப்படிப்பட்ட கைக்கு ஒரு மிளகளவு விளக்கைச் சின்ன மின்னணுப் போர்ட்டில் பூட்ட வரவில்லை. இரண்டு போர்ட் எரிந்தபின் மூன்றாவதில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எங்கடை குசினி ரியூப் லைற் ஒருத்தரும் படிப்பிக்காமலே உப்பிடித்தான் செய்யுது” என்றார்.

இணையப் பக்கம் எழுதப் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினத்துக்குப் போனேன். ஒரு கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. முதல்நாள் நான் உள்ளே போனதும் பிள்ளைகள் எல்லாரும் எழும்பி நின்றார்கள். பரிசோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்திருப்பார்கள். நான் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்ததும், ஏமாற்றத்தோடு அவர்களும் இருந்தார்கள். படிப்பித்தவள் குருநகர்ப் பிள்ளை. இருபத்தாறு வயது இருக்கும். பெயரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் அவளிடம் படித்தவன் என்று வெளியே தெரிந்தால் வகுப்புக்கு ஆள் வராதாம்.

இந்த நிலையில்தான் கோப்பாயில் சிவபாதம் அண்ணை என்னிடம் ஓர் உதவி கேட்டார். அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. தோட்டம் வீட்டிலிருந்து அரை மைல். மோட்டர் போடுவதற்கென்று வெயிலில் சைக்கிள் உழக்கிப் போகவேண்டியிருந்தது.

“தம்பி, நீ ஏதோ போனிலை லைற் போடுறியாம். மோட்டரும் போடலாமோ?”

நான் இரண்டு கிழமையில் செய்து கொடுத்தேன். ஒரு பெட்டி, போனில் ஓர் இணையப் பக்கம், அதில் ஒரு பச்சைப் பொத்தான். மறந்துபோய் விட்டுவிட்டால் நாற்பது நிமிடத்தில் மோட்டர் தானாக நிற்கும். எப்போது, எந்தப் போனிலிருந்து கட்டளை வந்தது என்பதையும் பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தைத் திறக்கக்கூடிய போன்கள் இரண்டுதான். ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. உங்களில் பட்டினத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கிணறு ஒன்று, உரித்து இரண்டு பேருக்கு. ஒருநாள் சிவபாதம் அண்ணையின் இறைப்பு, மறுநாள் அவருடைய காலஞ்சென்ற தமையனின் மனைவி, அவர் மச்சாள் என்று கூப்பிடும் பரமேஸ்வரி அக்காவின் இறைப்பு. இரண்டு பேருக்கும் தனித்தனி மோட்டர். பங்குனி வெயிலில் ஒருநாள் இறைத்தால் ஊற்று மீள மறுநாள் பின்னேரம் ஆகும். அடிவரை இழுத்தால் உப்பு ஏறிவிடும். ஆகவே முறை தவறி இறைப்பது அந்த ஊரில் வெறும் பிழை அல்ல. அடுத்தவன் வீட்டு வளவுக்குள் கேளாமல் போவதைப்போல. முன்னொரு காலத்தில் இதே கிணற்றுக்காக இரண்டு வீடும் வழக்குப் பேசி, ஒன்பது வருடம் முகம் பாராமல் இருந்தன. அக்காவின் மகள் வாசுகிக்குக் கலியாணம் சரிவந்தபோதுதான் மறுபடி வாய் திறந்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாதான் நிற்கவேண்டும். சிவபாதம் அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அழைப்பு வந்த அன்று எனக்கு வலியக் கொண்டுவந்து பால்ரொபி தந்தவர் அவர்.

பெட்டி பூட்டி ஒன்பது நாள் இருக்கும். காலையில் போன் வந்தது.

“தம்பி, ஒருக்கா தோட்டத்துக்கு வா. மச்சாள் என்னைக் கள்ளன் எண்டுறா.”

போனேன். கிணற்றடியில் பரமேஸ்வரி அக்காவும் வாசுகியும் நின்றார்கள். அக்காவின் வெங்காயத் தாள்கள் நுனி கருகி மஞ்சள் அடித்துக் கிடந்தன. இன்னும் இரண்டு கிழமையில் கிண்டி எடுக்கவேண்டிய வெங்காயம்.

“என்ரை முறையிலை நான் மூண்டு மணிக்கு வந்தால் தண்ணி அடியிலை கிடக்கு,” என்றார் அக்கா. “இறைச்சால் சவர்த் தண்ணி வருது. உவரின்ரை வாய்க்கால் ஈரமாக் கிடக்கு. ஒருநாளில்லை தம்பி, நாலு முறை.”

“நான் தொடேல்லை மச்சாள். மோட்டர்க் கொட்டிலும் பூட்டித்தான் கிடக்கு.”

“பூட்டும் உன்ரை, துறப்பும் உன்ரை.”

சிவபாதம் அண்ணை என் பக்கம் திரும்பினார். “தம்பி, உன்ரை பெட்டி எல்லாம் எழுதி வைக்குமெல்லோ. பாத்துச் சொல்லு. நான் போட்டனானோ இல்லையோ எண்டு இவைக்குச் சொல்லு.”

போனை எடுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தேன். அக்காவின் முறைநாட்கள் நாலிலும், மத்தியானம் இரண்டு மணியை ஒட்டி, மோட்டர் ஓடியிருந்தது. கட்டளை கொடுத்தது சிவபாதம் அண்ணையின் போன்.

நான் நம்பிவிட்டேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். நான் என் கையால் செய்த பெட்டி எனக்குப் பொய் சொல்லுமா. இருபது வருடம் பழகிய மனிதர் பொய் சொல்லுவார் என்பது, ஒரு மாதம் பழகிய பெட்டி பொய் சொல்லும் என்பதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது. பாவம், பயிர் கருகுகிற பயத்தில் மனிசன் சறுக்கிவிட்டார், கலியாணம் குழம்பாமல் நாங்கள்தான் மூடிவிடவேண்டும், என்று ஒரு பெரிய மனசோடு திரும்பினேன். பெரிய மனசு வரும்போது கவனமாக இருங்கள். எனக்கு வந்ததெல்லாம் சேதத்தில்தான் முடிந்திருக்கிறது.

“கரண்ட் பிழை அக்கா,” என்றேன். “கரண்ட் போய்ப் போய் வாற நேரம் பெட்டி தன்ரை பாட்டிலை மோட்டரைப் போட்டிருக்கு.”

அக்காவின் முகம் இளகியது. அந்த இளக்கத்தைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருந்த நேரம் வாசுகி வாய் திறந்தாள்.

“முந்தநாள் கரண்ட் போகேல்லையே மாமா.”

“கொஞ்ச நேரம் போயிருக்கும் பிள்ளை. தெரிஞ்சிராது.”

“விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும் நான் தையல் மெசினிலை இருந்தனான். என்ரை மெசினும் கரண்ட் மெசின்தான். ஒரே லைன்.”

“சில நேரம் ஒரு லைனுக்குள்ளையே…” என்று தொடங்கினேன். தொடங்கின வசனத்தை எப்படி முடிப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பரமேஸ்வரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீரும் உவரோடை சேந்திட்டீர்,” என்றார். பிறகு சத்தம் போடாமல் சிவபாதம் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: “தாலிப் பொன்னுருக்குக்கு நீ வரவேண்டாம். தாரை வாக்கிறதுக்கு என்ரை தம்பியைக் கேக்கிறன்.”

வாசுகி நிலத்தைப் பார்த்தாள். சிவபாதம் அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையில் நடந்தார். நானும் பின்னால் போனேன். மதவடிப் பாலம் வந்ததும் நின்றார்.

“நீ ஏன் கரண்ட் எண்டனி?”

“உங்களைக் காப்பாத்தத்தான் அண்ணை.”

“எதிலையிருந்து?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன நினைத்தேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சைக்கிளில் ஏறி, என்னை விட்டுவிட்டுப் போனார். மச்சாள் கள்ளன் என்றபோது வராத முதுமை அந்த முதுகில் அப்போது வந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் குருநகர்ப் பிள்ளையிடம் என் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒரு மனிதர் எப்படிப் பொய் சொல்கிறார் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் காட்டினேன், வேறெதற்கும் இல்லை. அவள் வாழைப்பழம் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள்.

“ஐயா, பொத்தானை அமத்தினால் என்ன நடக்கும்?”

“மோட்டர் போடுற பக்கம் திறக்கும்.”

“அந்தப் பக்கம் திறந்தால்?”

“மோட்டர் ஓடும்.”

“பொத்தானை அமத்தாமல் அந்தப் பக்கம் திறந்தால்?”

“அமத்தாமல் எப்பிடிப் பிள்ளை திறக்கும்?”

“அவரின்ரை போன் புதுசோ, பழசோ?”

“பழசு. சொந்தக்காரப் பொடியன் பாவிச்சுப் போட்டுக் குடுத்தது.”

“அவர் போனிலை வேறை என்ன பாக்கிறவர்?”

யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லை. எங்கள் ஊரில் அறுபது தாண்டியவர்கள் போனில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் சாப்பிட்டு, கை கழுவி, மூக்குக்கண்ணாடி போட்டு, மரண அறிவித்தல் பார்ப்பார்கள். ஜேர்மனியில் யார், லண்டனில் யார், நீர்வேலியில் யார் என்று. சிவபாதம் அண்ணை இரண்டு மணிக்குப் பார்ப்பார்.

“அப்ப சரி,” என்றாள் அவள், தோலைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பழைய போனுக்கு ஞாபகசக்தி குறைவு. இணையத்தைத் திறந்ததும், முன்பு மூடாமல் விட்ட பக்கத்தை முதலிலிருந்து மறுபடி திறந்து காட்டும். அண்ணை மூடாமல் விட்டது மோட்டர் போடும் என் பக்கம். நான் எழுதிய விதத்தில் அந்தப் பக்கம் திறப்பதும் மோட்டரைப் போடு என்று சொல்வதும் ஒன்றேதான். அண்ணை செத்தவர்களைத் தேடித் திறந்த ஒவ்வொரு நாளும், அரை மைல் தள்ளி மோட்டர் ஓடியிருக்கிறது. அவர் என் பக்கத்தை வாசிக்காமலே விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். நாற்பது நிமிடத்தில் தானாக நின்றபடியால் யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவும் முடியவில்லை. தன் முறைநாளில் ஓடினபோது அவருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் கூடத் தண்ணீர் வந்ததென்று வெங்காயம் முறைப்பாடு சொல்லாது. என் போன் புதிது. அது ஒருநாளும் இப்படிச் செய்யவில்லை. ஆகவே உலகத்தில் ஒரு போனும் செய்யாது என்று இருந்திருக்கிறேன்.

பெட்டி பொய் சொல்லவில்லை. அந்தப் போனிலிருந்து கட்டளை வந்தது என்றுதான் அது எழுதியிருந்தது. அந்த மனிதர் கொடுத்தார் என்று வாசித்தது நான். இந்த வேலையில் உங்களுக்குக் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். ஒரு ஆளைக் குற்றவாளியாக்குகிற குறிப்பைக் கண்டால், அதை எழுதிய பெட்டியை எழுதியவன் யார் என்று ஒருமுறை யோசியுங்கள். அநேகமாக அது நீங்களாகவே இருப்பீர்கள்.

“திருத்த எவ்வளவு நேரம் பிள்ளை?”

“பத்து நிமிசம். திறக்கேக்கை ஓடாமல், அமத்தினால் மட்டும் ஓடுற மாதிரி மாத்தலாம்.”

“வீட்டிலை இருந்தே மாத்திப்போட்டால்… ஒருத்தருக்கும் சொல்லாமல்…”

அவள் கணினியை மூடினாள். “பக்கத்துக்கு அது காணும் ஐயா. மற்றதுக்கு நீங்கள்தான் போகவேணும்.”

பஸ்ஸில் வரும்போது வெட்கத்தைவிடக் களைப்புத்தான் கூடுதலாக இருந்தது. மூன்று தெரிவுகள் தெரிந்தன. சத்தம் போடாமல் திருத்திவிடலாம். தண்ணீர் குறைவது நிற்கும், ஆனால் அண்ணை மச்சாளுக்குப் பயந்து களவை நிறுத்திக்கொண்டார் என்றுதான் ஊர் நினைக்கும். திருத்திவிட்டுப் போய் விளக்கம் சொல்லலாம். ஆனால் நேற்றுக் கரண்ட் என்று சொன்ன வாய் இது, இன்று போன் என்றால் யார் நம்புவார்கள். மூன்றாவது, பிழையைத் திருத்தாமல் அப்படியே கொண்டுபோய் எல்லாரும் பார்க்க ஓடவிடுவது. தான் செய்த பிழையைத் தொடாமல் வைத்திருப்பதுபோல அரிப்பு எடுக்கும் வேலை வேறில்லை. தொடவில்லை. ஆனால் அதுவரை அண்ணையின் போன் மறுபடி திறக்கக்கூடாதே. ஆகவே நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணை, களவெடுத்தது நீங்களில்லை. நான்.”

அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து எழும்பவில்லை. “உனக்கு ஒரு கீரைப் பாத்தியும் இல்லை. உனக்கேன் தண்ணி?”

விளங்கப்படுத்தினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் போனைக் கையில் எடுத்து, கடிக்காது என்று சொல்லித் தந்த நாயைக் கடிபட்டபின் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அதை நிப்பாட்டி அலுமாரிக்குள் வைத்தார். “நாளைக்கு மச்சாளின்ரை முறை,” என்றார். “ரண்டு மணிக்கு வாறன். நீ கதை, நான் கதைக்கேல்லை.”

மறுநாள் இரண்டு மணிக்குக் கிணற்றடியில் நாலு பேரும் நின்றோம். பரமேஸ்வரி அக்கா வந்ததே பெரிய காரியம். வாசுகிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள்.

“என்ன, இண்டைக்கு என்ன பிழை? காத்தோ?” என்றார் அக்கா.

“ஒண்டும் சொல்லேல்லை அக்கா. ஒருக்காப் பாருங்கோ. அண்ணை, நீங்கள் வீட்டிலை சாப்பிட்டிட்டு என்ன செய்வியளோ அதைச் செய்யுங்கோ.”

சிவபாதம் அண்ணை கிணற்றுக் கட்டில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். போனை ஒரு கையில் நீட்டிப் பிடித்து, மற்றக் கையின் ஒரு விரலால் இணையத்தைத் திறந்தார். மோட்டர் போடும் என் பக்கம் வந்தது. அதைப் பாராமலே அவர் விரல் பழக்கத்தில் தள்ளியது. மரண அறிவித்தல் திறக்கும் முன்னரே, பூட்டிய கொட்டிலுக்குள் மோட்டர் உறுமியது. குழாய் ஒருமுறை இருமி, தண்ணீரைத் துப்பியது.

அண்ணை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். “நான் ஒண்டும் அமத்தேல்லை.”

“கண்டனான்,” என்றார் அக்கா.

அவர் குழாயைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கொட்டில் கதவின் பூட்டைப் பார்த்தார். கிட்டப் போய் அண்ணையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“நாலு முறையும் உதுதான் பாத்தனியோ?”

“ஓம் மச்சாள். வேறை என்னத்தைப் பாக்கிறது?”

“இண்டைக்கு ஆர்?”

“சுன்னாகத்திலை ஒராள். எங்களுக்குத் தெரியாத ஆக்கள்.”

அக்கா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். “வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு,” என்றார். “ஆறு மணிக்கு முதல் வந்து நில். பிந்தினால் நான் என்ரை தம்பியைத்தான் கேப்பன்.” வாசுகி சித்தப்பாவின் கையிலிருந்த போனை மெல்ல வாங்கி, தானே வைத்துக்கொண்டாள். அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். அது அவ்வளவு ஊத்தையாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வழிநெடுகப் பாடமாக்கிய மன்னிப்பு ஒன்று நெஞ்சுக்குள் நின்றது. தொண்டையைச் செருமினேன்.

“அக்கா, பிழை முழுக்க என்னுடையது. அண்ணையை நானும் ஒருநாள் சந்தேகிச்சனான். அதோடை உங்களுக்குப் பொய்யும் சொன்னனான். ஒரு தொழில்காரன் செய்யக்கூடாத வேலை. உங்கடை வெங்காயம் என்னாலைதான் கருகினது. இதுக்கு நான் என்ன செய்யவேணும் எண்டு நீங்கள் சொன்னால், எதெண்டாலும்…”

அக்காவின் கண் என்னில் இருக்கவில்லை, குழாயில் இருந்தது.

“தம்பி, முதல் மோட்டரை நிப்பாட்டும்.”